டாக்டர் என்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே

இந்த ஒரு வரி ஒரு வருஷத்துக்கு மேல என்னை விட மாட்டேங்குது. சொன்னது பணியர்ங்கிற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பொண்ணு, 19 வயசு, தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போறவ. கோவமா சொல்லல, குறையா கூட சொல்லல. மடியில முறத்தை வச்சுக்கிட்டு ரேஷன் அரிசியில கல்லு பொறுக்கிட்டே, தலைய நிமித்தாம, நடந்ததை நடந்த மாதிரி சொன்னா. "டாக்டர் என்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே சிஸ்டர், நீங்க ரெண்டு பேரும்தானே பேசிட்டு இருந்தீங்க." எனக்கு அந்த நிமிஷம் என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. ஏன்னா அந்த கன்சல்டேஷனை நான் அன்னைக்கு ரெஜிஸ்டர்ல ஒழுங்கா முடிஞ்சதாத்தான் எழுதி வச்சிருந்தேன்.

நான் எம்.எல்.எச்.பி. நர்ஸ், அதாவது துணை சுகாதார நிலையத்தைப் பார்த்துக்குற நர்ஸ். சொந்த ஊரு திருவண்ணாமலை பக்கம். நீலகிரியில கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்துல போஸ்டிங் கிடைச்சு வந்தேன். சமவெளியில 5000 பேருக்கு ஒரு சப் சென்டர்னா மலையில 3000 பேருக்கு ஒண்ணுன்னு கணக்கு, ஆனா அந்த 3000 பேரும் எப்படி இருக்காங்கன்னா ஒரு காலனி இந்த எஸ்டேட்டுக்குப் பின்னாடி, இன்னொண்ணு காட்டு ஓரத்துல, இன்னொண்ணுக்குப் போகணும்னா ஓடையைத் தாண்டணும், சாயங்காலம் ஆனா யானை வரும்னு யாரும் வெளிய கிளம்ப மாட்டாங்க. இந்த மாதிரி இடத்துக்கு ஸ்பெஷலிஸ்ட் டாக்டரை டேப்ல வீடியோ கால்லயே கொண்டு வந்துடலாம்னு ட்ரெய்னிங்ல சொன்னப்ப எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு. இப்பவும் அது நல்ல விஷயம்னுதான் நினைக்கிறேன், அதை முதல்லயே சொல்லிடறேன். ஊட்டிக்குப் போய் வர ஒரு நாள் கூலி போயிடும், பஸ் காசு, கூட ஒரு ஆள், அந்த ஆளோட கூலியும் போயிடும், இதெல்லாம் மிச்சம்னா அது பெரிய விஷயம்.

இதுக்கான மத்திய அரசுத் திட்டம்தான் இ-சஞ்சீவனி, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். 2019 நவம்பர்ல ஆரம்பிச்சது, மொஹாலியில இருக்குற சி-டாக்ங்கிற மத்திய அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் பண்ணிக் குடுத்த சாஃப்ட்வேர். கொரோனா லாக்டவுன்ல 2020 ஏப்ரல்ல வீட்ல இருந்தே டாக்டரைப் பார்க்குற ஓபிடியும் வந்துச்சு, 2023 பிப்ரவரிக்குள்ள நாடு முழுக்க 10 கோடி கன்சல்டேஷன் தாண்டிடுச்சு. ஆனா வீட்ல இருந்து போன்ல பார்க்குறது எங்க காலனிகளுக்கு ரொம்ப தூரம். இந்தப் பக்கம் செக்‌ஷன் 17-ங்கிற, நிலம் யாருக்குச் சொந்தம்ங்கிற பிரச்சனை வருஷக்கணக்கா தீராம கிடக்கிறதால எத்தனையோ வீட்டுக்கு கரண்ட் லைனே குடுக்கல, போன் இருந்தாலும் சார்ஜ் போட யாராவது கடைக்குத்தான் குடுக்கணும். அதனால இங்க நடக்குறது எல்லாம் இன்னொரு வகை. பேஷன்ட் சென்டருக்கு வருவாங்க, நர்ஸ் பக்கத்துல உக்காந்து டேப்ல டாக்டரைக் கூப்பிடுவாங்க. பிபி, டெம்பரேச்சர், ஹீமோகுளோபின் எல்லாம் நாங்களே பார்த்து டைப் பண்ணிடுவோம், டாக்டர் ஸ்க்ரீன்ல வந்து பேசி மருந்து எழுதுவார். பேப்பர்ல பார்த்தா டாக்டரும் பேஷன்ட்டும் பேசுறாங்க, நர்ஸ் உதவி. நிஜத்துல எப்படி இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லித்தான் எனக்குப் புரிஞ்சது.

அந்த நாள்

ஜூன் மாசம், மழை பிடிச்சு நாலஞ்சு நாள் இருக்கும். சென்டர்ல சிக்னல் ரெண்டே இடத்துலதான் நிக்கும், வாசல் பக்க ஜன்னல் ஒண்ணு, பின்னாடி மருந்து வைக்கிற ரூம் ஒண்ணு. ஜன்னல் ஓரம் டேப்பை நிப்பாட்டி வச்சிருந்தேன், வெளிய பெஞ்சுல ஏழெட்டு பேர். அந்தப் பொண்ணு அம்மாவோட வந்திருந்தா. ஹீமோகுளோபின் பார்த்தா 7.6, ரொம்ப கம்மி. என்னம்மா பண்ணுதுன்னு கேட்டேன். பணிய பாஷை மலையாளத்துக்குக் கிட்ட இருக்கும், ஆனா மலையாளம் இல்ல, வந்து எட்டு மாசத்துல எனக்குப் பாதி புரியும், பாதி ஊகம்தான். அவ என்கிட்ட தமிழும் அவங்க பாஷையும் கலந்து மெதுவா சொன்னா. கை கால் எல்லாம் நோவு, எலும்புக்கு உள்ள இருந்து யாரோ கடிக்கிற மாதிரி, மழை ஆரம்பிச்சா வரும், சின்னதுல இருந்தே வரும், போன மழைக்கும் வந்துச்சு, அப்ப பத்து நாள் தோட்டத்துக்குப் போகல. இவ்வளவும் சொன்னா. இதை நான் காதால கேட்டேன். இன்னொண்ணும் கண்ணால பார்த்தேன், கண்ணு வெள்ளையில லேசா மஞ்சள் இருந்துச்சு. ஜன்னல் வெளிச்சத்துல நல்லாவே தெரிஞ்சுது.

அப்புறம் கால் கனெக்ட் ஆச்சு. டாக்டர் தன்மையானவர்தான், என்னம்மா பண்ணுதுன்னு அவரும் கேட்டார். அவ வாயைத் திறக்கிறதுக்குள்ள நான், "ஜெனரலைஸ்டு பாடி பெயின் சார், த்ரீ டேஸ், ஃபீவர் இல்ல, ஹெச்பி 7.6" அப்படின்னு சொல்லிட்டேன். எத்தனை நாளான்னா மூணு நாளாம் சார், வேற ஏதாவதுன்னா இல்ல சார். பீரியட்ஸ் எப்படின்னு கேட்டார், அதை மட்டும் அவகிட்ட திரும்பி கேட்டேன், அவ தலையாட்டினா, நார்மல் சார்னு சொன்னேன். ஸ்க்ரீன்ல அவ முகம் இருட்டாத்தான் விழுந்திருக்கும், பின்னாடி ஜன்னல் வெளிச்சம், கண்ணு மஞ்சள் அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்ல. அவர் கேக்கல, நானும் சொல்லல. பாராசிட்டமால், அயர்ன் மாத்திரை, கீரை நிறைய சாப்பிடணும், ரெண்டு வாரம் கழிச்சு ரிவ்யூ. மொத்தம் மூணு நிமிஷம் இருக்கும். நல்லா முடிஞ்சதுன்னு அடுத்த பேரைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் எத்தனை கால்னு மேல கணக்கு கேப்பாங்க, பெஞ்சுல ஆள் காத்திருக்காங்க, நெட் எப்ப போகும்னு தெரியாது. இதெல்லாம் உண்மைதான், ஆனா இது எதுவும் நான் "வேற எதுவும் இல்ல சார்"னு சொன்னதை மாத்தாது.

ஜூலை கடைசியில ஒரு ராத்திரி அவளுக்கு நெஞ்சு வலி, மூச்சு விட முடியல. ரோடு வரைக்கும் கட்டில் துணியில தூக்கிட்டு வந்து, அங்கிருந்து ஜீப்ல கொண்டு போயிருக்காங்க. ஆஸ்பத்திரியில அவங்க பாஷை பேசுற ஒரு நர்ஸ் இருந்திருக்காங்க, அந்தம்மா பக்கத்துல உக்காந்து கதை கேக்குற மாதிரி கேட்டிருக்காங்க, இவ சின்ன வயசுல இருந்து எல்லாத்தையும் சொல்லியிருக்கா. மறுநாளே ரத்தம் போச்சு, ரிசல்ட் வந்துச்சு. அரிவாள் செல் ரத்தசோகை. இங்க எல்லாரும் சிக்கிள் செல்னுதான் சொல்வாங்க. பிழைச்சுக்கிட்டா. பிழைச்சதாலதான் இதை என்னால எழுத முடியுது.

மழையும் எலும்பும்

இந்த நோயைப் பத்தி நான் நர்சிங்ல படிச்சதுதான், ஆனா ஒரு பாராவா படிச்சது, பரீட்சைக்கு வராதுன்னு தாண்டிப் போனது. எங்க ஊர்ல நான் ஒரு கேஸ் கூட பார்த்ததில்ல. இங்க வந்து இத்தனை மாசம் வேலை பார்த்துட்டு இது என் மண்டையில முதல்ல வராதது என் தப்பு. ஏன்னா இந்தியாவுல இந்த நோய் இருக்குன்னு முதல் முதலா உலகத்துக்குத் தெரிஞ்சதே இந்த மலையில இருந்துதான், 1952-ல லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரி பழங்குடி மக்களோட ரத்தத்தைப் பார்த்துதான் எழுதினாங்க. சாதாரண சிவப்பணு நடுவுல அமுங்கின வட்டத் தட்டு மாதிரி இருக்கும், ரத்தத்துல 120 நாள் ஓடும். இவங்களுக்கு அது அரிவாள் மாதிரி வளைஞ்சு, 10, 20 நாள்லயே உடைஞ்சு போயிடும். அதான் சோகை, அதான் கண்ணுல மஞ்சள். வளைஞ்ச அணு எல்லாம் சின்ன ரத்தக் குழாயில போய் அடைச்சுக்கும், அந்த இடத்துல உயிர் போற வலி வரும். குளிர், நனையறது, தண்ணி குடிக்காம வெயில்ல வேலை செய்றது, உடம்பு அலுப்பு, இதெல்லாம் அதைத் தூண்டும். மழை ஆரம்பிச்சா வரும்னு அவ சொன்னாளே, அதான் நோய். அந்த ஒரு வாக்கியத்துலயே டயக்னோசிஸ் இருந்துச்சு. நான் டாக்டருக்கு சுருக்கிச் சொன்னப்ப முதல்ல வெட்டினது அந்த வாக்கியத்தைத்தான், மழையைப் பத்திப் பேசறது மருத்துவம் இல்லன்னு நினைச்சு.

அயர்ன் மாத்திரை விஷயமும் அப்படித்தான். இரும்புச் சத்து குறைஞ்சு வர்ற சோகை இல்ல இது, அணு உடைஞ்சு வர்றது. ஃபோலிக் ஆசிட் குடுக்கணும், தேவைப்பட்டா இந்த வலி வர்றதைக் குறைக்கிற ஹைட்ராக்சியூரியா மருந்து, தண்ணி நிறைய குடிக்கச் சொல்லணும், நனையாம இருக்கச் சொல்லணும். நான் கீரை சாப்பிடச் சொல்லி அனுப்பிட்டேன், அதுவும் காட்டுக் கீரை வகை என்னை விட நிறைய தெரிஞ்ச பொண்ணுகிட்ட.

2023 ஜூலை 1-ம் தேதி மத்திய அரசு இந்த நோயை 2047-க்குள்ள ஒழிக்கணும்னு தேசிய இயக்கம் ஆரம்பிச்சாங்க, 17 மாநிலத்துல 7 கோடி பேருக்கு டெஸ்ட்னு இலக்கு, தமிழ்நாடும் அதுல இருக்கு. நல்லது, வேணும். ஆனா டெஸ்ட்டுக்கு ஒரு ஆளை அனுப்பணும்னு ஒருத்தருக்குத் தோணணும்ல. அது எங்க தோணும்னா, பேஷன்ட் சொல்றதை முழுசா கேக்குற இடத்துலதான் தோணும்.

முறமும் அரிசியும்

ஆகஸ்ட்ல அவளைப் பார்க்க காலனிக்குப் போனேன். கூட எங்க ஆஷா வந்தாங்க, அதாவது ஊர்க்காரங்கள்ல இருந்தே எடுக்குற சுகாதாரப் பணியாளர். சமவெளியில இருக்கறவங்களுக்கு ஆஷான்னா தெரியாது, தமிழ்நாட்டுல மலைப்பகுதியிலதான் ஆஷா உண்டு. இந்த அக்கா அதே பணியர் சமூகம், பக்கத்துக் காலனி. அந்தப் பொண்ணு திண்ணையில உக்காந்து அரிசி பொடைச்சுட்டு இருந்தா. ரொம்ப மெலிஞ்சிருந்தா. நான் மன்னிப்பு கேக்கணும்னுதான் போனேன், ஆனா எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, "அன்னைக்கு டாக்டர்கிட்ட பேசினப்ப இதெல்லாம் நீ சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்மா" அப்படின்னு வாயில வந்துடுச்சு. பாருங்க, அப்பவும் அவ மேலயே போட்டிருக்கேன். அதுக்குத்தான் அவ அந்த வரியைச் சொன்னா. சொல்லிட்டு ஒரு கல்லை எடுத்து வாசல்ல போட்டா. ஆஷா அக்கா என் முகத்தைப் பார்த்தாங்க, அப்புறம் தரையைப் பார்த்தாங்க.

அப்புறம் அவளே கொஞ்சம் கொஞ்சமா சொன்னா. அந்த டேப்ல ஒரு ஆள் தெரிஞ்சார், அவர் உங்களைப் பார்த்துப் பேசினார், நீங்க அவரைப் பார்த்துப் பேசினீங்க, இங்கிலீஷ்ல நிறைய சொன்னீங்க, எனக்கு ஏதோ எழுதிக் குடுத்தீங்க. அது உங்க ஆபீஸ் வேலைன்னு நினைச்சேன். டாக்டர் எப்ப வருவார்னு வெளிய வந்து அம்மாகிட்ட கேட்டேன். இதைக் கேட்டப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுது. ஒரு மருத்துவரைப் பார்த்தோம்ங்கிறதே அவளுக்குத் தெரியல. என் ரெஜிஸ்டர்ல ஒரு கன்சல்டேஷன், அந்த மாசக் கணக்குல ஒரு எண்ணு, அவளுக்கு அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல.

தலையாட்டினியே, அதான் புரிஞ்சுதுன்னு நினைச்சேன்னு கேட்டேன். அதுக்கு ஆஷா அக்காதான் பதில் சொன்னாங்க, "சிஸ்டர், பெரிய ஆளுங்க முன்னாடி தலையாட்டினா எங்களை சீக்கிரம் விட்டுடுவாங்க. அதான் ஆட்டுவோம்." அவங்க சொன்னதை நான் அவங்க இனத்துக்கே உள்ள குணம்னு பொதுவா எழுத விரும்பல. ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. பணியர்ங்கிற பேரே பணி செய்றவங்கன்னு அர்த்தம் வர்ற பேரு. வயநாட்டுல வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவுல அந்தக் காலத்துல நிலக்காரங்க வருஷா வருஷம் இவங்களை ஒப்பந்தம் பேசிக் கூட்டிட்டுப் போவாங்க, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல. ரொம்ப தூரத்துக் கதை இல்ல, அவ பாட்டி காலம். எதிர்ல நிக்கிறவங்க கேட்டா ஆமான்னு சொல்லணும், கேக்காட்டி பேசக் கூடாதுன்னு தலைமுறையா பழகின வாய்கிட்ட, மூணு நிமிஷ வீடியோ கால்ல, நெட் போயிடுமேன்னு அவசரத்துல, முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் முகத்தைக் காட்டி உன் வலியைச் சொல்லுன்னா எப்படி வரும். அதுவும் அவ என்கிட்ட சொன்னா, அதை மறந்துடக் கூடாது. சொல்லத் தெரியாதவ இல்ல. எலும்புக்குள்ள கடிக்குதுன்னு அவ சொன்னதை விட நல்லா எந்தப் புக்குலயும் எழுதல. நடுவுல உக்காந்து நான்தான் அதை "ஜெனரலைஸ்டு பாடி பெயின்"ஆ மாத்தினேன்.

டெலிமெடிசின்னு பேச ஆரம்பிச்சா எல்லாரும் டவர், பேண்ட்வித், டேப், சாஃப்ட்வேர்னுதான் பேசறாங்க. டவர் வேணும், எனக்கும் வேணும். ஆனா நான் இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சப்ப அலாஸ்கா கதைதான் மனசுல நின்னுச்சு. ரோடே போகாத பூர்வகுடி கிராமங்கள் அங்க நிறைய. 1950-கள்ல டிபி பரவினப்ப கிராமத்துக்கு ஒருத்தரை எடுத்து மாத்திரை குடுக்கக் கத்துக் குடுத்தாங்க, 1968-ல அது அரசாங்கப் பணத்துல முறையான திட்டமாச்சு, கம்யூனிட்டி ஹெல்த் எய்ட்னு பேரு. முதல்ல ரேடியோவுல தூரத்து டாக்டரைக் கூப்பிட்டாங்க, 1971-ல சாட்டிலைட் வந்துச்சு, அப்புறம் போன், அப்புறம் காதுக்குள்ள படம் எடுத்து அனுப்புற கருவி. மெஷின் மூணு தடவ மாறிடுச்சு. பேஷன்ட் பக்கத்துல உக்கார்றது மட்டும் அன்னைக்கும் இன்னைக்கும் அந்தக் கிராமத்து ஆள்தான், பேஷன்ட் வீட்ல பேசுற பாஷையைப் பேசுற ஆள். கூடலூர்லயே இதுக்கு உதாரணம் இருக்கு, 1990-ல தொடங்கின ஆதிவாசி மருத்துவமனையில ஆதிவாசிப் பெண்களையே நர்ஸாவும் ஹெல்த் வொர்க்கராவும் பயிற்சி குடுத்து வளர்த்திருக்காங்க. எங்க டேப் திட்டத்துல அந்த நாற்காலியில நான் உக்காந்திருக்கேன், பக்கத்துல நிக்கிற ஆஷா அக்காவை நான் இத்தனை மாசமா டோக்கன் கூப்பிடவும், பேஷன்ட்டைக் கூட்டிட்டு வரவும்தான் வச்சிருந்தேன். இதை எழுதும்போது எனக்கு வெக்கமா இருக்கு.

இப்ப

பெரிய மாற்றம்னு ஒண்ணும் நான் பண்ணிடல. நாற்காலியை மாத்தினேன். பேஷன்ட் ஜன்னலைப் பார்த்து உக்காருவாங்க, அப்பதான் வெளிச்சம் முகத்துல விழும், கண்ணு நிறம் டாக்டருக்குத் தெரியும். டேப் அவங்க கையில. பக்கத்துல ஆஷா அக்கா. நான் பின்னாடி, ஸ்க்ரீன்ல தெரியாத இடத்துல. கால் போடுறதுக்கு முன்னாடி, இதுல வர்றவர்தான் டாக்டர், இவர் உங்களைப் பார்ப்பார், நீங்க அவர்கிட்ட என்ன சொல்லணும்னு அக்கா அவங்க பாஷையில ஒரு தடவ கேட்டு வச்சுப்பாங்க. பேஷன்ட் சொல்ற வாக்கியத்தை அப்படியே தமிழ்ல சொல்லணும், சுருக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். ரொம்ப கஷ்டமான வேலை இதுல எதுன்னா, டாக்டர் கேள்வி கேட்டதுக்கு அப்புறம் வர்ற அமைதி. ஒரு பெரியவர்கிட்ட எப்ப இருந்து இருமல்னு கேட்டார், அவர் டேப்பையே பார்த்துட்டு இருந்தார், எனக்கு நாக்கு நுனியில பதில் நிக்குது, கையை மடியில இறுக்கிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். ஸ்க்ரீன்ல டாக்டர், "ஹலோ, கேக்குதா, நெட் ப்ராப்ளமா" அப்படின்னார். நெட் நல்லாத்தான் இருக்கு சார், அவர் யோசிக்கிறார்னு அக்கா சொன்னாங்க. அப்புறம் பெரியவர் சொன்னார், மகன் செத்த மாசத்துல இருந்துன்னு. எந்த மாசம்னு கணக்குப் போட்டா அஞ்சு மாசம். டிபியான்னு பார்க்க சளி டெஸ்ட்டுக்கு அன்னைக்கே அனுப்பினோம்.

ஒரு நாளைக்கு கால் எண்ணிக்கை குறைஞ்சிடுச்சு. அதுக்கு பதில் சொல்ல வேண்டி வந்துச்சு, சொன்னேன், இன்னும் சொல்லிட்டு இருக்கேன். சில டாக்டர்கள் பொறுமை இழப்பாங்க, அவங்க லிஸ்ட்ல வேற பத்து சென்டர் காத்திருக்கும், அவங்க கஷ்டமும் எனக்குப் புரியுது. ஆனா ஒரு கால் எவ்வளவு நேரம் ஓடுச்சுங்கிறதையும், அதுல பேஷன்ட் எத்தனை வாக்கியம் பேசினாங்கங்கிறதையும் யாராவது எண்ணினா நல்லா இருக்கும்னு எனக்கு ஆசை. எண்ணுறதுன்னு முடிவு பண்ணிட்டா அதையும் எண்ணலாம்ல.

அந்தப் பொண்ணு இப்ப ஹைட்ராக்சியூரியா எடுக்குறா. ரத்தம் ஆரம்ப சுகாதார நிலையத்துல எடுப்பாங்க, ரிப்போர்ட்டை நான் அப்லோட் பண்ணுவேன், டாக்டர் டேப்ல பார்த்து டோஸ் சொல்வார். முன்னாடி மாதிரின்னா இதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் போயிருக்கும், இப்ப காலையில வந்துட்டு தோட்டத்துக்குப் போயிடுறா. இந்த ஜூலையில நல்ல மழை, தகர ஷீட்ல விழுற சத்தத்துல பக்கத்துல இருக்கறவங்க பேசினாலே கேக்கல. டாக்டர் வந்தார், நோவு எப்படி இருக்குன்னு கேட்டார். இந்த மழைக்கு ரெண்டு நாள்தான் வந்துச்சு, தண்ணி குடிச்சேன், போயிடுச்சுன்னு அவளே தமிழ்ல சொன்னா. அவருக்குக் கேக்கல. "என்னம்மா, இன்னொரு தடவ சொல்லு"ன்னார். சத்தமா சொன்னா. வேற ஏதாவது கேக்கணுமான்னார்.

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா, ஆஷா அக்காவைப் பார்த்தா, வெளிய பெஞ்சுல இருக்கறவங்களைப் பார்த்தா. கேக்கணும், ஆனா இங்க இல்லன்னு சொன்னா. டேப்பை ரெண்டு கையாலயும் எடுத்துக்கிட்டு எழுந்து, பின்னாடி மருந்து ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டா. நானும் அக்காவும் வெளிய நின்னோம். உள்ள அவ பேசுறது கேட்டுச்சு, மழையில ஒரு வார்த்தை கூடப் புரியல.